ஃப்ரிட்ஜின் இன்லெட் வால்வை மாற்றும் முன் தண்ணீரின் அழுத்தத்தைப் பாருங்கள்

ஐஸ் மேக்கர் உள்ள ஃப்ரிட்ஜில் ஐஸ் விழவில்லை என்றதும், ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் விடும் பின்பக்கத்து இன்லெட் வால்வைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். பல வீடுகளில் அந்த வால்வில் கோளாறே இருக்காது.

இந்த வால்வைத் திறப்பது மின்சாரம். மூடும்போது உள்ளே இருக்கும் டயஃப்ரத்தை, அதாவது மெல்லிய ரப்பர் தகட்டை, இறுக்கி அழுத்துவது குழாய்த் தண்ணீரின் விசை. பல மாடல்களுக்குக் குறைந்தது 1.4 பார், அதாவது 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் தரும். மொட்டைமாடித் தொட்டி நான்கு மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.4 பார். அதில் ஐஸ் கட்டி சிறுத்துப்போகும். வால்வும் சரியாக மூடாமல் கசியும். கசிந்த நீர் ஃப்ரீசருக்குள் போகும் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அங்கே தேவை பூஸ்டர் பம்ப். புது வால்வு போட்டாலும் அதே கதைதான்.

அழுத்தம் சரியாக இருந்தால் வால்வுக்கு வாருங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீரை அடையுங்கள், வாளி வையுங்கள். நுழைவாயில் வலையில் மணலோ சுண்ணாம்புப் படிவோ இருந்தால் மென்மையான பிரஷால் கழுவுங்கள். ஊசியால் குத்த வேண்டாம். வலை கிழிந்தால் மணல் டயஃப்ரத்தின் அடியில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, வால்வின் வயரைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துவிட்டு, கழற்றியபின் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து வால்வின் இரண்டு டெர்மினலையும் தொடுங்கள். வால்வைத் திறக்கும் கம்பிச்சுருள்தான் காயில். 230 வோல்ட் காயில் பொதுவாகச் சில கிலோ ஓம் காட்டும். 12 வோல்ட் காயிலுக்கு அளவு மிகக் குறைவு என்பதால் ரேஞ்சைக் குறைத்துப் பாருங்கள். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். இரட்டை வால்வில் இரு காயிலும் ஒரே எண் காட்டவேண்டிய அவசியமில்லை.

ஓம் சரியாக வந்துவிட்டால் வால்வு நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். ஃப்ரிட்ஜுக்குள் போகும் குழாயைக் கழற்றி, வால்வின் வெளிவாயை உலர்ந்த டம்ளருக்கு நேரே வையுங்கள். பிளக் போடாமல் தண்ணீரை மட்டும் திறந்து பத்து நிமிடம் காத்திருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும், அழுத்தம் போதுமான அளவு இருக்கும்போது, வால்வை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு சோதனையிலும் தேறிய வால்வு திறக்கவே இல்லையென்றால், அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். அதை டெக்னீஷியனிடம் விடுங்கள். காயிலுக்கு நேரடியாக 230 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. 12 வோல்ட் காயிலாக இருந்தால் அந்த நொடியே கருகிவிடும்.