எஞ்சின் மவுண்ட்: தாங்கியா, அணையா?

எஞ்சின் மவுண்ட் என்பது காரின் எஞ்சினுக்கும் அதைச் சுமக்கும் சட்டகத்துக்கும் இடையில் இருக்கும் துண்டு. இரண்டு பக்கமும் இரும்பு, நடுவில் அந்த இரும்போடு சூட்டில் இறுகப் பிணைத்த இறப்பர். பெரும்பாலான கார்களில் அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் இதற்கு 'மவுண்டிங்' என்று பெயர். கியர் மாற்றும்போது 'டக்' என்று ஓர் அடி கேட்கிறது, சிக்னலில் நிற்கும்போது ஸ்ரேறிங் நடுங்குகிறது என்று காரைக் கொண்டுபோனால், பொனற்றைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணை, மவுண்டிங் போட்டுது" என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சொல்லைத் தமிழில் வடிவாக நிலைநிறுத்த வேண்டிய தேவை இப்போது கூடியிருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் இருந்த கார்களையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. காருக்கு வயது ஏறினால் அதன் இறப்பருக்கும் ஏறும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையாக வைத்துக்கொண்டு, வீட்டு வளவிலேயே வேலைசெய்து பழகும் இளையவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் தமிழில் வழிகாட்டி தேடினால், கணினி மொழிபெயர்த்த 'இயந்திர ஏற்றங்கள்' என்ற சொல்தான் முன்னால் வந்து நிற்கிறது. விலையேற்றம் தெரியும், ஏற்ற இறக்கம் தெரியும். தமிழ்நாட்டில் கிணற்றில் நீர் இறைப்பதும் ஏற்றம், நம் ஊரில் அது துலா. எஞ்சினுக்குக் கீழே இருக்கும் இறப்பருக்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பதை ஆங்கிலச் சொல்லின் கதையே காட்டும். லத்தீனில் மலைக்கு 'மோன்ஸ்'. அதிலிருந்து வந்த வினை பழைய பிரெஞ்சில் 'ஏறு' என்ற பொருளில் வழங்கி, ஆங்கிலத்தில் 'மவுண்ட்' ஆயிற்று. சென்னைக்காரர் பரங்கிமலையை செயின்ற் தோமஸ் மவுண்ட் என்பதில் இருப்பது மலை. குதிரையில் ஏறுவது அடுத்த பொருள். பிறகு ஒன்றை இன்னொன்றின்மேல் ஏற்றிப் பொருத்துவதற்கும் அதே சொல் வந்தது: பீரங்கியை வண்டியில், கல்லை மோதிரத்தில், படத்தை அட்டையில். கடைசியாக, அப்படிப் பொருத்த உதவும் பாகத்தின் பெயராகவும் ஆனது. எஞ்சின் மவுண்டில் உள்ளது இந்தக் கடைசிப் பொருள். 'ஏற்றம்' என்று பெயர்த்தவர்கள் சொல்லின் பழைய வாலைப் பிடித்துக்கொண்டார்கள்.

'எஞ்சின்' இன்னும் சுவையானது. லத்தீனில் 'இங்கேனியும்' என்றால் பிறவித் திறமை, அறிவுக்கூர்மை. அந்தக் கூர்மையால் செய்த சூழ்ச்சிக் கருவிக்கும் பிரெஞ்சு வழியே அந்தப் பெயர் போய், கோட்டையை இடிக்கும் போர்க்கருவி, விலங்கு பிடிக்கும் கண்ணி எல்லாம் ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் எஞ்சின்தான். நீராவி எஞ்சின் வந்த பிறகே இன்றைய பொருள் நிலைத்தது. இப்போது தமிழின் 'பொறி'யைப் பாருங்கள். எலிப்பொறி கண்ணி. ஐம்பொறி நம் அறிவின் வாசல்கள். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலில் இருந்த போர்க்கருவிகளை அடுக்கும்போது 'வளைவிற் பொறியும்' என்கிறது, தானே வளைந்து அம்பு எய்யும் இயந்திரம் அது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சொற்கள் அறிவு, கண்ணி, போர்க்கருவி என்ற ஒரே இடங்களைத் தொட்டிருக்கின்றன. பொறியியல், பொறியியலாளர் என்று நாம் அன்றாடம் எழுதுவதால் 'பொறி' யாருக்கும் அந்நியமும் இல்லை. 'இயந்திரம்' தையல் இயந்திரம்வரை எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே கூட்டுச்சொல் ஆக்கும்போது எஞ்சினுக்குப் 'பொறி' என்பதே சுருக்கம். தனியாகப் பேசும்போது எஞ்சின் எஞ்சினாகவே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சரி, மவுண்டுக்கு வருவோம். சொல்லிப் பார்த்ததும் எவருக்கும் தோன்றுவது 'தாங்கி'. எஞ்சின் தாங்கி, பொறித்தாங்கி. பிழையில்லை, எஞ்சினின் பாரத்தை அது தாங்கத்தானே செய்கிறது! தலைச்சுமையை இறக்கி வைக்கத் தெருவோரங்களில் நட்ட சுமைதாங்கிக் கற்கள், பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் நினைவாக வைத்தவை, யாழ்ப்பாணத்தில் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன. நல்ல பழைய சொல். ஆனால் இரண்டு சங்கடங்கள். ஒன்று, இலங்கையில் தாங்கி என்றவுடன் நினைவில் வருவது தண்ணீர்த் தாங்கி, எரிபொருள் தாங்கி. தமிழ்நாட்டுத் தொழில்நுட்ப நூல்களிலோ, சுழலும் தண்டை ஏந்தும் பெயரிங்குக்குத் தாங்கி என்று பெயர். ஒரே காரில் எரிபொருள் தாங்கி, பெயரிங், மவுண்ட் மூன்றும் இருக்கும்போது ஒரே சொல் மூன்றுக்கும் போதாது.

மற்றச் சங்கடம்தான் பெரியது. சுமப்பது மட்டும் இந்தத் துண்டின் வேலை என்றால் இறப்பர் எதற்கு? எஞ்சினைச் சட்டகத்தோடு நேரே போல்ற் போட்டு இறுக்கிவிடலாம். ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் அப்படித்தான் செய்தார்கள், ஓட்டினவரின் பல் ஆடியது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா நிற்கும்போதே விநாடிக்குக் கிட்டத்தட்ட 27 உதைப்பு. 1931இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் எஞ்சினை இறப்பரில் தொங்கவிட்டு, அதற்கு 'மிதக்கும் சக்தி' என்று பெயர் வைத்து விற்றது. பிரான்சின் சித்ரோயன் அந்த உரிமத்தை வாங்கி, அன்னப்பறவைச் சின்னம் போட்டுத் தன் கார்களில் அறிமுகப்படுத்தியது. அவர்கள் பெயர் வைத்தது எஞ்சினைச் சுமப்பதற்கு அல்ல, சட்டகத்தில் இருந்து அதன் நடுக்கத்தைப் பிரித்துவைப்பதற்கு.

ஆக, மவுண்ட் மூன்று வேலை செய்கிறது. பாரத்தைச் சுமக்கிறது. அதிர்வு சட்டகத்துக்கு ஏறாமல் அதைத் தணிக்கிறது. அக்சிலறேற்றரை அழுத்தும்போது எஞ்சின் தன் சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாகப் புரளப் பார்க்கும், அதைப் பிடித்துவைக்கிறது. தேய்ந்துபோனால் இந்த மூன்றும் தனித்தனியாகவே தெரியும்: எஞ்சின் கீழே இறங்கியிருக்கும், ஸ்ரேறிங் நடுங்கும், கியர் போடும்போது அடிக்கும். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. முரட்டுத்தனமாக ஓடும் எஞ்சின் என்னவெல்லாம் ஆட்டும் என்று அந்தத் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கச் சிறந்த இடம் வேலை நடக்கும் இடம். 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுப்போம், யப்பானில் யூனோஸ் ரோட்ஸ்ரர் என்று விற்றது. இதில் எஞ்சினுக்கு இடமும் வலமுமாக இரண்டே மவுண்டுகள். கியர் பெட்டிக்குத் தனி மவுண்ட் கிடையாது. நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று கியர் பெட்டியை, பின்சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிபரன்சலோடு கட்டிவைத்திருக்கிறது. அதனால் முன்னால் இரண்டு இறப்பரும் தளர்ந்தால் முழுத் தொடரும் ஆடும், கியர் தடி கையிலேயே அதைச் சொல்லும்.

சோதிப்பது எளிது. பொனற்றைத் திறந்து வைத்து, கை பிரேக்கும் கால் பிரேக்கும் இறுக்கமாக இருக்க, ஒருவர் கிளச்சை மெல்ல விட்டு முதல் கியரிலும் றிவேர்ஸிலும் எஞ்சினைக் கொஞ்சம் இழுக்கவிட வேண்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். காருக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக்கூடாது. எஞ்சின் ஒரு பக்கம் எழும்பி 'தொம்' என்று விழுந்தால், அந்தப் பக்கத்து இறப்பர் இரும்பை விட்டுவிட்டது. ரோர்ச் அடித்துப் பார்த்தால் இறப்பரின் விளிம்பில் நகம் நுழையும் அளவு வெடிப்பு தெரியும். ஒயில் கசிந்து ஊறியிருந்தால் இறப்பர் உப்பிப் பிசுபிசுக்கும்.

மாற்றும்போது முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்ற வேண்டும். யாழ்ப்பாணத்து வளவு மணல், ஜக் மெல்லப் புதையும். சீமெந்துத் தரை இல்லையென்றால் தடித்த பலகை போட்டு, அதன்மேல்தான் காரின் முன்பக்கத்தைத் தூக்கும் ஜக்கும், தூக்கியதைத் தாங்கும் ஸ்ராண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருநாளும் காருக்குக் கீழே போகவேண்டாம். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, இன்னொரு ஜக்கின் தலையில் அகலமான மரக்குற்றி வைத்து எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டான சம்பின் கீழே கொடுத்து எஞ்சினின் பாரத்தை மட்டும் எடுக்க வேண்டும். குற்றி இல்லாமல் கொடுத்தால் சம்ப் நசுங்கும். கடல் காற்றில் போல்ற்றுகள் கறள் பிடித்திருக்கும், முதல் நாளே கறள் இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் மரை தேயாமல் கழலும். பிறகு எஞ்சினைப் பழைய மவுண்ட் வெளியே வரும் அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். மேலே தூக்கத் தூக்க றேடியேற்றர் குழாய், விசிறி, வயர் எல்லாம் இழுபடும், ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

புதியதை வைத்து மரைகளைக் கையால் மட்டும் பூட்டி, எஞ்சினை முழுதாக இறக்கி, அது தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனரால் அந்தக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் இறப்பர் முறுகியபடி நின்றுவிடும், புதிய மவுண்டும் சீக்கிரம் கிழியும். இந்த ஒரு கட்டத்தில்தான் மவுண்டின் இயல்பு நன்றாகத் தெரிகிறது. பாரம் வந்து அதில் அமர வேண்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று புதிது ஒன்று பழசு என்றால் எஞ்சின் சாய்ந்து உட்காரும்.

இந்த வேலைக்கெல்லாம் பொருந்தும் சொல் 'அணை' என்பது என் முடிவு. பஞ்சணை, தலையணை என்பதில் அணை, பாரத்தை ஏந்தும் மெத்து. பிள்ளையை அணைக்கிறோம், விலகாமல் பிடிக்கிறோம். விளக்கை அணைக்கிறோம், தணிக்கிறோம். சுமப்பது, பிடிப்பது, தணிப்பது என்ற மூன்று வேலையும் ஒரே சொல்லின் வழக்குகளில் கிடக்கின்றன. எஞ்சின் மவுண்ட், பொறியணை. அணை என்றால் அணைக்கட்டு நினைவு வருமே என்று ஒருவர் கேட்கலாம். தலையணை என்று சொல்லும்போது எவருக்கும் ஆறு நினைவில் வருவதில்லை, முன்சொல் பொருளைக் கட்டிவிடும். கியர் பெட்டிக்குத் தனி மவுண்ட் உள்ள கார்களில் அது கியர்ப்பெட்டி அணை. உள்ளே திரவம் அடைத்த மவுண்ட் திரவப் பொறியணை, அது வெடித்தால் கீழே கறுப்பாய் வடிந்த தடம் இருக்கும்.

இப்படிச் சொல் ஆக்குவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் பணிசெய்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றில் இருந்து மருந்துவரை எல்லாவற்றுக்கும் அவரும் மாணவர்களும் தமிழ்ச் சொல் தேடினார்கள். உடம்புக்குச் செய்ததைக் காருக்கும் செய்யலாம்.

'தாங்கி'யை முழுதாகத் தள்ளவும் வேண்டாம். பந்தயக் கார்களில் இறப்பரே இல்லாமல் அலுமினியத்தில் கடைந்த மவுண்டுகள் போடுவார்கள். எஞ்சின் துளியும் அசையாது, அதிர்வு முழுக்க இருக்கைக்கு வரும். அதற்குப் பொறித்தாங்கி என்ற பெயர்தான் சரி, அது அணைப்பதில்லை. இறப்பரைவிடக் கடினமான பொலியூரத்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த மவுண்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கியர் கூர்மையாக விழும், ஆனால் ஏசி போட்டு நிற்கும்போது கண்ணாடி நடுங்கும். தினமும் கண்டி வீதியில் ஓட்டும் காருக்கு இறப்பர் அணையே போதும். உதிரிப்பாகக் கடையில் கேட்கும்போது மவுண்டிங் என்றே கேளுங்கள், அங்கே அதுதான் வழக்கு. காரின் சேசிஸ் இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள். கொண்டுவந்து தந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஆணியின் நீளம், துளை, சாய்வு மூன்றையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.