“சூடே தெரியல்லியே சாரே, மெஷின் ஓடுதா?”

வலிக்கு லேசர் ஒளி சிகிச்சை எடுக்க, கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த அந்த அக்காவுக்கு இருபது வருடமாகப் பால்வெட்டுதான் வேலை. விடியும் முன்பே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் இறங்குவார். ஒவ்வொரு மரத்திலும் கத்தியை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை வளைத்துப் பட்டையைச் சீவ வேண்டும். வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்புமுனையில் நான் விரலை வைத்ததுமே கையை இழுத்துக்கொண்டார். டென்னிஸ் எல்போ: மணிக்கட்டைத் தூக்கும் தசைநாண் முழங்கை எலும்பில் சேரும் இடத்தில் வரும் வலி.

இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். லேசர் முனையை வலிக்கும் இடத்தில் அழுத்தி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கேட்டதுதான் மேலே முதல் வரியில் இருப்பது.

சூடு தெரியக் கூடாது. அறுவை சிகிச்சை லேசர் சதையைச் சுட்டு வெட்டும். இது 500 மில்லிவாட்டுக்கு உட்பட்ட மெல்லிய ஒளி. சிவப்பு, அகச்சிவப்புக் கதிர்கள் தோலைத் தாண்டி, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியால் உறிஞ்சப்படுகின்றன. அதனால் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி உற்பத்தி கூடி, அழற்சி தணிகிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மயிர் மழித்த எலிகளின் முதுகில் ரூபி லேசரைப் பாய்ச்சியபோது முடி வேகமாக முளைத்ததைக் கண்டார். புண் ஆற்றும் முயற்சிகள் அதிலிருந்து தொடங்கின.

“அப்போ இன்னும் கொஞ்ச நேரம் வையுங்க” என்றார் அக்கா. பலரும் கேட்பதுதான். ஆனால் அளவு குறைந்தால் பலன் இல்லை, மிஞ்சினால் குணமாவதே தடைப்படலாம். கூடுதல் பாலுக்காகக் கத்தியை ஆழமாக இறக்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “மரத்துல காயம் விழும், பெறவு அந்தப் பட்டையில வெட்ட முடியாது.” அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லேசர் மட்டும் போதாது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சியைக் கொடுத்தேன். கத்தியை அடிக்கடி தீட்டச் சொன்னேன். மழுங்கிய கத்திக்குப் பிடி இறுகும், தசைநாணில் இழுப்பு கூடும். மூன்றாவது வாரம் அதே இடத்தை அழுத்தினேன். முகம் சுளித்தார், கையை இழுக்கவில்லை.

சர்க்கரை நோயாளிகள் ஆறாத கால்புண்ணுக்கு லேசர் கேட்டு வருகிறார்கள். அங்கே அது துணை மட்டுமே. சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல், ரத்த ஓட்டத்தைப் பார்க்காமல், புண்ணின் மேல் பாரம் விழாமல் காக்காமல் லேசரை நம்பிக் காத்திருந்தால் காலே போய்விடும். முதலில் மருத்துவரிடம் போங்கள்.

புற்றுநோய்க் கட்டியின் மேலும், கர்ப்பிணிகளின் வயிற்றிலும் இதை வைப்பதில்லை. அப்படி ஏதாவது இருந்தால் படுக்கையில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். கண்ணாடி தராமல் லேசரை ஆன் செய்தால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.