ஜாஸ் சாக்ஸபோன் கற்கிறீர்களா? முதலில் பழைய ஆட்களைக் கேளுங்கள்

என்னிடம் ஜாஸ் சாக்ஸபோன் கற்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஃபோனில் ஒரு பிடிஎஃப்புடன்தான் வருகிறார்கள். பெரும்பாலும் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ஏதாவது ஒரு சோலோ (தனி வாசிப்பு), பக்கம் பக்கமாக நோட்டேஷனில் எழுதியது. விரல்கள் ஓரளவு ஓடவும் செய்யும். ஆனால் ஒரே ஒரு நோட்டைப் பத்து விநாடி அசையாமல் பிடிக்கச் சொன்னால் சுருதி ஆடும், காற்று தேயும். மேல் ஸ்தாயிக்குப் போக ரீட்டை, அதாவது வாய் வைக்கும் மவுத்பீஸில் பொருத்தும் மெல்லிய பிரம்புத் தகட்டை, கடிப்பார்கள். கீழ்ப்பற்கள் உதட்டின் உட்புறத்தில் அழுந்திப் புண்ணாகும். சில மாதங்களில் ‘நமக்கு இது வராது சார்’ என்று கருவியைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். இப்படி விட்டுப்போனவர்களில் நல்ல காது உள்ளவர்கள் பலர் இருந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: கோல்மன் ஹாக்கின்ஸைக் கேட்டிருக்கிறீர்களா? லெஸ்டர் யங்கை? அநேகமாகக் கேட்டிருக்க மாட்டார்கள். இருவரும் டெனார் என்னும் தாழ்ந்த குரல் சாக்ஸபோனை வாசித்த பழைய ஜாஸ் கலைஞர்கள்.

1920களின் தொடக்கத்தில் சாக்ஸபோனை ஜாஸில் எப்படி வாசிப்பது என்பதற்கு முன்மாதிரியே அதிகம் கிடையாது. நியூயார்க்கில் பிளெட்சர் ஹெண்டர்சன் இசைக்குழுவில் இருந்த ஹாக்கின்ஸின் ஆரம்பகால ஒலிப்பதிவுகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். நாக்கால் ரீட்டை அறைந்து ‘டப் டப்’ என்று ஒலியெழுப்பும் பழைய பாணி. கனமாக, துண்டு துண்டாக இருக்கும். 1924இல் அந்தக் குழுவில் லூயி ஆம்ஸ்ட்ராங் சேர்ந்தார். ஏறத்தாழ ஓராண்டு, அதே மேடையில் அவருடைய டிரம்பெட்டைக் கேட்டபடி ஹாக்கின்ஸ் வாசித்தார். அதன் பிறகு அவருடைய வரிகள் நீள ஆரம்பித்தன. ஒரு டிரம்பெட் கலைஞரின் மூச்சிலிருந்து டெனார் சாக்ஸபோன் பேசக் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

1939 அக்டோபர் 11 அன்று அவர் பதிவுசெய்த ‘பாடி அண்ட் சோல்’ மூன்று நிமிடம்தான். மூல மெட்டை முதல் சில வரிகளில் மட்டும் தொட்டுக் காட்டிவிட்டு, பாட்டின் இரண்டு சுற்றில் மீதி முழுவதையும் கற்பனையிலேயே கொண்டுபோகிறார். மாணவர்களிடம் நான் கவனிக்கச் சொல்வது அவர் காற்றை. தொடக்கத்தில் மூச்சு கலந்த மெல்லிய ஒலி. இரண்டாம் சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து உச்சத்துக்குப் போகிறது. உதட்டை இறுக்கினால் இந்த ஒலி வரவே வராது. தொண்டையைத் திறந்து, தாடையைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து காற்றைத் தள்ள வேண்டும். நான் பத்து முறை ‘கடிக்காதே’ என்று சொல்வதைவிட, இதைத் தினமும் கேட்டுவிட்டு லாங் டோன் (ஒரே நோட்டை நீளமாக ஊதும் பயிற்சி) பிடிக்கிற மாணவரின் உதடு சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது.

லெஸ்டர் யங் நேரெதிர். ஃபிராங்கி ட்ரம்பாவர் என்ற கலைஞர் வாசித்த, டெனாரைவிடச் சற்று உயர்ந்த குரலுள்ள சி-மெலடி சாக்ஸபோனின் லேசான ஒலியைத் தன் டெனாரில் கொண்டுவர முயன்றதாக அவரே சொல்லியிருக்கிறார். 1934இல் ஹாக்கின்ஸ் விட்டுப்போன இடத்தில் ஹெண்டர்சன் குழு இவரை அமர்த்தியது. ‘ஹாக்கின்ஸ் மாதிரி வாசி’ என்று எல்லோரும் நெருக்கினார்கள். ஹெண்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக்காட்டித் திருத்தவும் பார்த்தார். யங் மசியவில்லை, சில மாதங்களில் குழுவைவிட்டு வெளியேறினார். 1936இல் இசைக்குழுத் தலைவர் கவுண்ட் பேஸியோடு சேர்ந்து அவர் செய்த முதல் ஒலிப்பதிவுகளை இன்றைக்கும் மாணவர்கள் வரி வரியாகப் பாடம் செய்கிறார்கள்.

யங்கிடமிருந்து உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரே ஸ்வரத்தை இரண்டு விரலமைப்பில் மாற்றி மாற்றி வாசித்து, ஒலியின் நிறத்தை மட்டும் மாற்றுவார். டெனாரில் நடு ஸ்தாயி பி-பிளாட் ஸ்வரத்தை வழக்கமான விரலமைப்பில் வாசியுங்கள். அடுத்து, அடி பி-பிளாட்டுக்கான எல்லாச் சாவிகளையும் மூடிக்கொண்டு, காற்றின் போக்கை மாற்றி அதே நடு பி-பிளாட்டை வரவழையுங்கள். முதல் நாள் வராது. வரத் தொடங்கும்போது உங்கள் தொண்டையும் பழகியிருக்கும், இரண்டு ஒலிகளுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கும் பிடிபட்டிருக்கும்.

நம் ஊரில் கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு இந்தக் கருவிமேல் ஆசைப்பட்டவர்கள் அதிகம். கமகம் பழகிய அந்தக் காதுக்கு ஜானி ஹாட்ஜஸின் வழுக்கல்கள் சட்டென்று பிடிபடும்; டெனாரைவிட உயர்ந்த குரலுள்ள ஆல்டோ சாக்ஸபோனில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் இழைந்து போகிற அழகே தனி. கஷ்டம் தாளத்தில்தான். ஜாஸில் சமமாக எழுதியிருக்கும் இரண்டு எட்டாம் நோட்டுகளை (தாளத்தின் ஓர் அடியில் பாதி நீளமுள்ளவை) சமமாக வாசிப்பதில்லை. முதலாவது சற்று நீளும். வேகம் கூடினால் அந்த வித்தியாசம் குறையும். நாக்கு பெரும்பாலும் இரண்டாவதில் பட்டு அடுத்த அடியில் போய் இழையும். எவ்வளவு நீளும், எவ்வளவு இழையும் என்பதை எந்தப் பிடிஎஃப்பும் காட்டாது. கேள்வி ஞானம் ஒன்றுதான் வழி.

ஜாஸ் மேதை சார்லி பார்க்கரும் அப்படித்தான் தேறினார். கான்ஸாஸ் சிட்டியில் இளவயதில் மேடையில் அவமானப்பட்டவர், 1937 கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் ஒரு குழுவோடு வாசிக்கப் போனபோது பேஸியின் இசைத்தட்டுகளை எடுத்துப்போய், யங்கின் சோலோக்களை மனப்பாடம் செய்து திரும்பினார். வாசித்தது ஆல்டோவில். இன்னொரு கருவியிலிருந்து எடுக்கும்போது விரல் பழக்கம் கைகொடுக்காது, காதை நம்பியே ஆக வேண்டும்.

பார்க்கரைப் பற்றி இதையும் சொல்ல வேண்டும். அவருடைய போதைப் பழக்கத்தையும் அவருடைய திறமையையும் முடிச்சுப் போட்டு, ஹெராயினைத் தொட்ட இளம் கலைஞர்கள் அந்தத் தலைமுறையில் பலர். அவர் 1955இல், 34 வயதில் இறந்தார். யங் கருவியைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடிப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு அப்படியே செய்து மணிக்கட்டையும் கழுத்தையும் வருத்திக்கொள்கிற மாணவர்களும் உண்டு. வேண்டாம். ஸ்ட்ராப் (கழுத்தில் மாட்டும் பட்டை) நீளத்தைச் சரிசெய்து மவுத்பீஸ் தானாக வாய்க்கு வரும்படி நில்லுங்கள். பெரிய கலைஞர் வைத்திருந்தார் என்று தடித்த ரீட்டும் அகலத் திறந்த மவுத்பீஸும் வாங்காதீர்கள். தொடக்கத்தில் 2 அல்லது இரண்டரை எண் ரீட் போதும்.

பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கலைஞர், ஒரு சோலோ. சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் செயலியில் நான்கு பார் (தாளச் சுற்று) மட்டும் போட்டுக் கேளுங்கள். வாயால் பாட வரும்வரை கருவியைத் தொட வேண்டாம். பாடியதைக் கருவியில் தேடுங்கள், பிறகு ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசியுங்கள். பழைய தட்டுகளில் சில, சுழன்ற வேகம் பிசகி, சுருதி அரை ஸ்வரம்வரை ஏறியோ இறங்கியோ இருக்கும். செயலியில் அதைச் சரிசெய்த பிறகு தொடங்குங்கள். நோட்டேஷனாக எழுதுவது கடைசி வேலை.

ஆல்டோ வைத்திருப்பவர்கள் ஹாட்ஜஸின் மெதுவான பாடல் ஒன்றில் தொடங்கலாம். டெனார்காரர்களுக்கு யங்கின் 1930களின் பதிவுகள். ஹாக்கின்ஸை இப்போதைக்குக் கேளுங்கள், வாசிக்க ஒரு வருடம் போகட்டும். ஆல்டோவைவிட உயர்ந்த குரலுள்ள சோப்ரானோ வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அதில் சுருதி நிற்பது கடினம். ஆனால் சோப்ரானோவை ஜாஸுக்குக் கொண்டுவந்த சிட்னி பெஷேயை எல்லோரும் கேட்க வேண்டும். தன்னிடம் கற்க வந்த ஒருவருக்கு அவர் கொடுத்த பாடம் ஒரே ஒரு நோட்டு: அதை உறுமவிட்டு, இழுத்து, சுருதி இறக்கி, ஏற்றி, எத்தனை விதமாக வாசிக்க முடியும் என்று பார் என்றார். எங்கள் வகுப்பிலும் முதல் வாரப் பாடம் அதுதான். நடு ஜி-யில் செய்கிறோம்.