கொலாபரேஷன்: ஒத்துழைப்பா, கூட்டுழைப்பா?

அலுவலகத்தில் புதிதாக ஒரு திட்டம் தொடங்கினால் முதல் கூட்டத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "இதுக்கு எந்த கொலாபரேஷன் டூல் வச்சுக்கலாம்?" ஸ்லாக், டீம்ஸ், ட்ரெல்லோ, ஜிரா, கூகுள் டாக்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சரி, அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் 'ஒத்துழைப்பு'. அது பொருந்தாத சொல் என்பது என் உறுதியான கருத்து. கொலாபரேஷன் என்பதற்குச் சரியான தமிழ் 'கூட்டுழைப்பு'.

முதலில் மூலத்தைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'லபோராரே' என்றால் உழைத்தல். 'சேர்ந்து' என்ற பொருள் தரும் 'கொம்' என்ற முன்னொட்டு லகரத்துக்கு முன்னால் வரும்போது 'கொல்' என்று திரியும். இரண்டும் சேர்ந்து 'கொல்லபோராரே', அதாவது சேர்ந்து உழைத்தல். இது பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்த புதிதில் வியாபாரத்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. இருவர் சேர்ந்து ஒரு நூலையோ ஆய்வையோ படைப்பதற்குத்தான் இந்தச் சொல். இன்னொரு விஷயம், லத்தீன் 'லபோர்' என்பது வெறும் வேலை இல்லை, பாடுபடுவது, துன்பப்படுவது என்ற பொருளும் அதற்கு உண்டு. நம் பழந்தமிழ் 'உழத்தல்' என்பதற்கும் அதே இரண்டு பொருள்தான்: வருந்துதல், பாடுபடுதல். அதனால் இந்த இடத்தில் 'உழைப்பு' என்ற சொல் வந்து உட்காரும் அளவுக்கு 'வேலை'யோ 'பணி'யோ உட்காராது.

இந்தச் சொல்லுக்கு ஒரு கறையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த பிறகு, 1940 அக்டோபரில் பிரெஞ்சு அரசின் தலைவராக இருந்த மார்ஷல் பெத்தேன் மோந்துவார் என்ற ஊரில் ஹிட்லரைச் சந்தித்தார். சில நாட்களில் வானொலியில் பேசியவர், தான் 'கொலாபரேஷன்' பாதையில் அடியெடுத்து வைப்பதாக அறிவித்தார். அன்றிலிருந்து ஐரோப்பாவில் இந்தச் சொல்லுக்கு எதிரியோடு கைகோத்த துரோகம் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. ஆகவே போர் வரலாற்றுக் கட்டுரை ஒன்றில் 'கொலாபரேட்டர்' வந்தால், அங்கே கூட்டுழைப்பாளர் என்று எழுதக் கூடாது. 'உடந்தையாக இருந்தவர்' என்பதே சரி. 'உடந்தை' என்ற ஒரு சொல்லே அந்தக் குற்றம் முழுவதையும் சொல்லிவிடும்.

இப்போது ஒத்துழைப்புக்கு வருவோம். தமிழில் இதை எப்படிப் புழங்குகிறோம் என்று கவனித்தாலே விடை தெரிந்துவிடும். ஒத்துழைப்பு 'தருகிறோம்', 'கேட்கிறோம்', சிலர் 'கொடுக்க மறுக்கிறார்கள்'. "பொதுமக்கள் ஒத்துழைப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்ற அறிவிப்பைப் படிக்காதவர் யார்? 1920இல் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தின் பெயரும் இந்தப் பொருளில்தான் நிற்கிறது: வேலை ஆட்சியாளருடையது, அதற்கு நாங்கள் இசைய மாட்டோம். ஆக, ஒத்துழைப்பு என்றால் இன்னொருவர் காரியத்துக்கு இசைந்துகொடுப்பது. காரியம் அவருடையது, உதவி மட்டும் நம்முடையது.

ஒரு திட்டக்குழுவில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நீங்கள் தயாரிக்கும் திட்ட மதிப்பீட்டுக்கு நிதிப் பிரிவு வேண்டிய எண்களைக் கேட்ட தேதியில் அனுப்பினால் அது ஒத்துழைப்பு. அதே நிதிப் பிரிவுக்காரர் உங்களோடு அந்த ஆவணத்துக்குள் இறங்கி, நீங்கள் எழுதிய வரியை அவர் திருத்த, அவர் போட்ட எண்ணை நீங்கள் கேள்வி கேட்க, கடைசியில் இது யார் எழுதியது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் ஆவணம் வந்தால் அது கூட்டுழைப்பு. 'கூட்டுழைப்பு கொடுங்கள்' என்று யாரும் கேட்க முடியாது. அது ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்கும் பொருள் இல்லை.

கணினி இந்த இடத்துக்கு எப்படி வந்தது? 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் காட்டிய செய்முறை விளக்கம்தான் இதற்கெல்லாம் தலைவாசல். மவுஸை முதன்முதலாகப் பொதுமேடையில் காட்டியதற்காகத்தான் அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் என்னைக் கேட்டால் அன்றைய பெரிய விஷயம் வேறு: மேடையில் இருந்த அவரும், பல மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த அவருடைய சகாவும், ஒரே திரையில் ஒரே உரையைப் பார்த்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். அந்த அமைப்பின் பெயரே 'ஆன்லைன் சிஸ்டம்'. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் இயங்கத் தொடங்கியது அடுத்த ஆண்டில்தான். அப்படியானால் 'ஆன்லைன்' என்பது இணையத்துக்கும் மூத்த சொல். கணினியோடு நேரடித் தொடர்பில் இருப்பது என்பதே அதன் பழைய பொருள். இன்று இரண்டும் ஒன்றாகிவிட்டதால் 'இணையவழி' என்பதே போதும். இலங்கையில் 'நிகழ்நிலை' என்கிறார்கள், அதுவும் நல்ல சொல்லே.

அப்புறம் 1989இல் அலுவலகக் குழுக்களுக்கான லோட்டஸ் நோட்ஸ் மென்பொருள், 1995இல் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையதளமாக வார்டு கன்னிங்காமின் முதல் விக்கி, 2004இல் திட்ட மேலாண்மைக்கான பேஸ்கேம்ப் என்று வரிசை நீண்டது. 2006இல் கூகுள், ரைட்லி என்ற இணையச் சொற்செயலியை வாங்கியது. அதுவே பிறகு கூகுள் டாக்ஸ் ஆனது. இவற்றில் கூட்டுழைப்பு என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது, பலர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எழுதும் அந்த வசதி. அது உள்ளே எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

ஆவணத்தில் 'கூட்டம் வெள்ளி மாலை' என்று மூன்று சொற்கள் இருக்கின்றன என்று வையுங்கள். நீங்கள் தொடக்கத்தில் 'ஆய்வுக்' என்று சேர்க்கிறீர்கள். அதே நொடியில் வேறோர் இடத்தில் இருக்கும் உங்கள் சகா, மூன்றாம் சொல்லுக்குப் பின் '4 மணி' என்று சேர்க்கிறார். அவருடைய கட்டளை உங்கள் திரைக்கு வந்து சேரும்போது, உங்கள் பக்கத்தில் மூன்றாம் சொல் 'வெள்ளி' ஆகிவிட்டது. கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் 'ஆய்வுக் கூட்டம் வெள்ளி 4 மணி மாலை' என்று உளறும். அதனால் மென்பொருள் அந்தக் கட்டளையை வழியிலேயே திருத்துகிறது: முன்னால் ஒரு சொல் கூடியிருக்கிறது, ஆகவே மூன்று என்பதை நான்காக்கு. இருவர் திரையிலும் 'ஆய்வுக் கூட்டம் வெள்ளி மாலை 4 மணி' என்றே தெரியும். (உண்மையில் எழுத்து எழுத்தாக எண்ணும், கணக்கு ஒன்றே.) இந்த உத்தியை 1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்டார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, யாருடைய எழுத்தும் அழிவதில்லை. 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி' என்று ஒரே கோப்பு மின்னஞ்சலில் சுற்றிவந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தப் பெயர்க் குழப்பம் வெறும் அகராதிச் சண்டை இல்லை, வேலையையும் பாதிக்கிறது. ஸ்லாக் போன்றவை அடிப்படையில் உரையாடல் கருவிகள். ட்ரெல்லோ, ஜிரா இரண்டும் ஒருங்கிணைப்புக் கருவிகள்: எந்த வேலை யாரிடம், எந்த நிலையில், எந்தத் தேதிக்குள். கூகுள் டாக்ஸ், வடிவமைப்புக்கான ஃபிக்மா போன்றவற்றில்தான் வேலையே ஒன்றாக நடக்கிறது. மூன்றும் ஒரு திட்டத்துக்குத் தேவை. ஆனால் மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால், உரையாடல் கருவி ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு 'கொலாபரேஷனுக்கு ஏற்பாடு செய்தாயிற்று' என்று நிர்வாகம் நிம்மதியாக இருந்துவிடும். குழுவோ, போன மாதம் எடுத்த முடிவு எந்த அரட்டையில் புதைந்திருக்கிறது என்று தெரியாமல் மேலே மேலே உருட்டிக்கொண்டிருக்கும். வாங்கப்போவது பேசவா, பிரித்துக்கொடுக்கவா, சேர்ந்து செய்யவா என்று முதலில் கேட்டுவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. கூட்டு, உழைப்பு இரண்டும் புணர்ந்தால் கூட்டுழைப்பு. 'கூட்டு உழைப்பு' என்று பிரித்து எழுதுவதும் தவறில்லை, ஆனால் கலைச்சொல்லாக நிற்கச் சேர்த்து எழுதுவதே நல்லது. கூட்டுழைப்புக் கருவி, கூட்டுழைப்புத் தளம், இணையவழிக் கூட்டுழைப்பு என்று ஒற்று மிகும். வினையாக 'கூட்டுழைக்கிறோம்' என்றால் காதுக்கு இடறுகிறது, அங்கே 'சேர்ந்து செய்கிறோம்' என்றே சொல்லிவிடலாம், எல்லா இடத்திலும் கலைச்சொல் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிலர் 'கூட்டு முயற்சி' என்பார்கள்; இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கும் தொழிலுக்கு அது ஏற்கெனவே பழகிவிட்டதால் இங்கே குழப்பும். ஸ்லாக், ஜிரா எல்லாம் பெயர்கள், அவற்றை மொழிபெயர்க்க வேண்டாம். பேச்சில் 'கொலாப்' என்று சொல்பவர்களைத் திருத்தவும் நான் போகமாட்டேன். ஆனால் ஒரு மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழாக்குபவர், பகிர்வுப் பட்டியலில் பார்வையாளர், கருத்துரைப்பவர், திருத்துபவர் என்று உரிமைகளைப் பிரித்துக் காட்டிவிட்டு, அவர்கள் எல்லோருக்கும் பொதுத் தலைப்பாக 'ஒத்துழைப்பவர்கள்' என்று போடாமல் 'கூட்டுழைப்பாளர்கள்' என்று போட வேண்டும்.