போர்வெல் சேறு சொல்லும் வயது

செட்டிநாட்டுப் புதுவயல் என்ற ஊரில் போர்வெல் போட்டபோது வெளியே வந்த சேற்றைப் பார்த்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இந்தத் துகள்களை வைத்துப் பாறையின் வயதைச் சொல்ல முடியுமா?" முடியும், நுண்புதைபடிவம், அதாவது நுண்ணோக்கியில் மட்டும் தெளிவாகத் தெரியும் பழைய உயிர்களின் எச்சம், இருந்தால்.

அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரியின் சுருள் ஓடோ டைனோசர் எலும்போ துளைக்கருவியில் சிக்கினால் நொறுங்கிவிடும். ஃபோரமினிஃபெரா என்னும் ஒருசெல் கடலுயிரியின் ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. சேதமில்லாமல் மேலே வந்துவிடும். சேற்றைக் கழுவிச் சலித்து, நுண்ணோக்கியில் இனம் பிரிப்பார்கள். எந்த இனம் எந்தக் காலத்தில் வாழ்ந்தது என்பதை வைத்துப் பாறையின் வயதைச் சொல்வார்கள். கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது என்பது பள்ளிப்பாடம்.

என்னை மயக்குவது அடுத்த படிதான். துளையின் சுவரிலிருந்து மேலடுக்குத் துகள்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். 300 மீட்டர் ஆழத்துச் சேற்றில் 100 மீட்டரில் கிடந்த ஓடும் கலந்திருக்கும். ஆகவே ஓர் இனம் எந்த அடுக்கில் தோன்றியது என்பதை இந்தச் சேற்றில் நம்ப முடியாது. ஆனால், கருவி தொடாத அடுக்கிலிருந்து எதுவும் மேலே வராது. மேலிருந்து இறங்கும்போது ஓர் இனம் முதன்முதலில் தலைகாட்டும் ஆழமே அது அழிந்த காலத்தின் எல்லை. அதனால் எண்ணெய்க் கிணற்று ஆய்வாளர்கள் பிறப்பை விட்டு இறப்பைப் பிடிக்கிறார்கள். எவ்வளவு அழகான தந்திரம்! குளோபோட்ரங்கானா என்னும் ஃபோரமினிஃபெரா வகையின் ஓடுகள் தென்பட்டால், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த, டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்துக்குள் இறங்கிவிட்டோம் என்று பொருள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் படிந்ததும் அந்தக் காலத்துக் கடலில்தான். பழைய பாறை அரிக்கப்பட்டுப் புதிய படிவில் சேர்ந்த ஓடுகள் ஏமாற்றக்கூடும்; தேய்ந்தவற்றை ஒதுக்க அனுபவம் வேண்டும்.

அந்த அடுக்கு படிந்தபோது இருந்த கடலின் ஆழமும் தெரியும். மிதந்து வாழும் இனங்கள் மிகுந்திருந்தால் கரையை விட்டு விலகிய ஆழ்கடல். கடலின் அடித்தரையில் வாழ்பவையே மிகுந்தால் பெரும்பாலும் ஆழமற்ற கடல்.

செட்டிநாட்டின் செம்புறாங்கல்லில் இவற்றைத் தேட வேண்டாம். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய், இரும்பையும் அலுமினியத்தையும் விட்டுவைத்த கல் அது.

உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்குப் பணம் கொடுக்கிறோம். தோண்டிய துகளையோ சாலையோரம் கொட்டிவிடுகிறோம். எனக்கு இது பெரும் வருத்தம். மாவட்டந்தோறும் துகள் சேமிப்பறை அமைக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். நுண்ணோக்கியில் இனம் காணத் தெரிந்தவர்களுக்கு வேலையும் தர வேண்டும். அதுவரை, அடுத்த முறை போர்வெல் போடும்போது பத்தடிக்கு ஒரு கைப்பிடித் துகளைத் தனித்தனிப் பையில் பிடித்து, மேலே ஆழத்தை எழுதி வையுங்கள்.