வாணலியின் பழுப்புக் கறை ஏன் சோப்புக்கு மசிவதில்லை?

அப்பளம் பொரித்த வாணலியின் உட்புறம் சோப்பு பட்டதும் பளிச்சென்று ஆகிவிடுகிறது. அதே வாணலியின் வெளிப்புறத்திலும், கைப்பிடி ஆணிகளைச் சுற்றியும் இறுகிக் கிடக்கும் பழுப்புக் கறையோ பாதி சோப்பைக் கரைத்தாலும் அசைவதில்லை. எண்ணெயாக வழிந்தது உண்மைதான். இப்போது அது எண்ணெய் அல்ல.

எண்ணெயின் ஒரு மூலக்கூறு என்பது கிளிசரால் என்ற ஒரு சிறு மூலக்கூறும் அதனோடு பிணைந்த மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளும். இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல். (கொழுப்பை ஆராய்ந்த அந்த மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார்.) சூரியகாந்தி, சோயா எண்ணெய்களின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் (இரு கார்பன் அணுக்கள் இரட்டையாகப் பிணைந்த இடங்கள்) அதிகம். சூடும் ஆக்சிஜனும் கிடைத்தால் அந்த இடங்களில் பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கெட்டியான வலையாகிவிடுகின்றன. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகுவதும் இதே வினைதான். அங்கே நாள்கணக்கில் நடப்பதை அடுப்பின் சூடு விரைவாக முடித்துவிடுகிறது.

வாணலிக்குள் ஆழமாக நிற்கும் எண்ணெயில் காற்று மேற்பரப்பை மட்டுமே தொடுகிறது. வெளியே வழிந்த துளி மெல்லிய படலமாகப் பரவுவதால் முழுவதும் ஆக்சிஜனில் நனைகிறது. அதனால்தான் கறை வெளிப்புறத்தில் மோசம். சமையலறை மின்விசிறியின் இறக்கையில் ஒட்டும் பசை, இதே வினை பாதி வழியில் நிற்கும் நிலை. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாதது; கோத்துக்கொள்ள இடம் குறைவு என்பதால் அது அவ்வளவு எளிதில் இறுகாது.

சோப்பு, தனித்தனியாகத் திரியும் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து நீரோடு இழுத்துச் செல்லும். வலையில் கட்டுண்ட மூலக்கூறை அதனால் பிய்க்க முடியாது. வலையை அறுக்கக் காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருள்) வேண்டும். கிளிசராலையும் சங்கிலியையும் இணைக்கும் எஸ்டர் பிணைப்பைக் காரம் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் சோப்பாகவே மாறி நீரில் கரைகின்றன. நம் பாட்டிமார் சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாத்திரம் துலக்கியதில் இந்த வேதியியல் இருந்தது: விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு.

இன்றைய வீட்டில் அந்த வேலைக்கு உகந்தது சலவை சோடா (சோடியம் கார்பனேட்). அதன் கரைசலின் பி.எச். அளவு (7-க்கு மேலே போகப் போகக் காரம் கூடுவதைக் காட்டும் எண்) சுமார் 11. சமையல் சோடாவுக்கு 8-க்குச் சற்று மேல். எண்களில் வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும் கார வலிமையில் அது பல நூறு மடங்கு. சமையல் சோடா மட்டுமே கையில் இருந்தாலும் கவலையில்லை: நீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, அது கொஞ்சம் கொஞ்சமாகச் சலவை சோடாவாகவே மாறும். எவர்சில்வர் வாணலியை ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவில் மூழ்கவைத்து, சோடா கலந்த நீரை அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையுறை அணிந்து நாரால் தேய்க்கலாம். சூடு கூடக் கூட வினை வேகமெடுக்கும் என்பதால் வெறும் ஊறவைத்தலைவிட இது பல மடங்கு பலன் தரும்.

சமையல் சோடாமீது வினிகரை ஊற்றிப் பொங்கவைக்கும் காணொளிகள் ஏராளம். பார்க்க அழகு, அவ்வளவுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டி, மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். புளியும் எலுமிச்சையும் பித்தளையின் களிம்பை நீக்கும். எண்ணெய்க் கறையிடம் அவற்றுக்கு வேலை இல்லை. முழுக்கக் கருகிக் கரியான இடத்தில் வெட்ட எஸ்டர் பிணைப்பே இருக்காது. அங்கே கம்பி நாரும் கைவலியும்தான்.

அலுமினியக் குக்கரைச் சலவை சோடாவில் போடக் கூடாது. காரம் அதன் மேலுள்ள ஆக்சைடு படலத்தைக் கரைத்து உலோகத்தையே அரிக்கும். ஹைட்ரஜன் குமிழ்கள் வரும், பாத்திரம் கறுத்துப்போகும். அதைச் சோப்பு நீர் தொட்டுப் பொறுமையாக நாரால் தேய்ப்பதே வழி.

இரும்புத் தோசைக்கல்லுக்கும் சோடா ஆகாது. தோசை ஒட்டாமல் எழும்புவதற்குக் காரணமே கல்லில் பழகிப்போன அந்த இறுகிய எண்ணெய்ப் படலம்தான். தெரியாமல் யாராவது கொதிக்கவைத்துவிட்டால், நன்றாகத் துடைத்து உலர்த்தி, நல்லெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, புகை வரும்வரை காயவைத்து ஆறவிட வேண்டும். இதைச் சில முறை செய்தால் கல் மறுபடி பழகிவிடும்.