நடந்து வருபவரும் கிடந்து வருபவரும்

வட சென்னையில் வயதானவர்கள் ஸ்டான்லியை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. கஞ்சிக்கு முதலில் நின்றவருக்கு முதலில் ஊற்றலாம். கலவர நாளில் கேஷுவாலிட்டி வாசலில் அந்த வரிசை ஆளைக் கொன்றுவிடும்.

காரணம் எளிது. முதலில் வந்து சேர்பவர் பெரும்பாலும் குறைவாக அடிபட்டவர். நெற்றி கிழிந்திருக்கும். தலைத்தோலில் ரத்தக்குழாய் அதிகம் என்பதால் சட்டையெல்லாம் ரத்தம். ஆனாலும் நண்பன் பைக்கிலோ ஆட்டோவிலோ ஏறி வந்துவிடுவார். மோசமாக அடிபட்டவர் விழுந்த இடத்திலேயே கிடப்பார். மறியல், கண்டெய்னர் லாரி, சுரங்கப்பாதை எல்லாம் தாண்டி 108 அவரைக் கொண்டுவருவதற்குள் படுக்கைகள் நிரம்பியிருக்கும்.

அதனால்தான் ட்ரையேஜை, அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் வேலையை, உள்ளே வைக்காமல் வாசலிலேயே வைக்க வேண்டும். "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்ற ஒரே குரலில் பாதிக் கூட்டம் பச்சைக்கு, அதாவது காத்திருக்கக்கூடியவர்கள் பக்கம், போய்விடும். மிச்சமிருப்பவர்களுக்கு மூன்று கேள்விகள். நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப 2 நொடிக்கு மேல் ஆகிறதா? "கையை இறுக்கிப் பிடிங்க" என்றால் பிடிக்காமல் இருக்கிறாரா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் சிவப்பு, உடனே பார்க்க வேண்டியவர். 1983-இல் கலிபோர்னியாவில் உருவான முறை இது. ஆளுக்கு அரை நிமிடம் போதும். கத்துகிறவருக்கு மூச்சாவது ஓடுகிறது. சத்தமில்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கண்ணீர்ப்புகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயர்தான் புகை, உண்மையில் நுண்தூள். துணியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்து நர்ஸ் கண்ணையும் எரிக்கும். வெளியிலேயே மேல்துணியைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, கண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், தோட்டாவை விட லத்திக்குத்தான் கேஷுவாலிட்டி தயாராக வேண்டும். பச்சை என்று ஓரமாக உட்கார்ந்திருப்பவர் ஏமாற்றுவது அதில்தான். முதுகிலும் தொடையிலும் திரும்பத் திரும்ப விழுந்த அடியில் எலும்பு முறியாது, ஆனால் தசை நொறுங்கும். தசைக்குள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். கூடவே வெளியேறும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்தலாம். 1941-இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டுக்குள் நசுங்கி மீண்டவர்களிடம் பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் விவரித்த அதே நோய். தென்னாப்பிரிக்காவில் சாட்டையடி பட்டவர்களிடமும் இதையே கண்டார்கள்.

பிடிப்பது கஷ்டமில்லை. சிறுநீரில் தோய்க்கும் பட்டை ரத்தம் என்று காட்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. ஒரு ஈசிஜி, சீக்கிரமே ஏற்றும் சலைன். அன்றைக்கு ஸ்டோரில் கட்டுத்துணியை எண்ணுகிறவர்கள் சலைன் பாட்டிலையும் பட்டையையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆனால் லத்தியடி பட்டவர்தான் பல சமயம் வரமாட்டார். ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) போடுவார்கள், கேஸ் ஆகும் என்ற பயம். சிகிச்சை முதலில், சட்ட நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் படுக்கைக்குப் பக்கத்தில் காக்கிச்சட்டை நின்றால், வலியைக்கூட மறைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அடிபட்ட காவலரையும் போராட்டக்காரரையும் தனித்தனி அறையில் வைப்பதன் மருத்துவ நியாயம் இதுதான். அப்படியும் எழுந்து போகிறவரிடம் வாசலில் இருக்கும் நர்ஸ் ஒன்றாவது சொல்லி அனுப்பலாம்: "நல்லா தண்ணி குடிங்கண்ணே. ஒன்னுக்கு டீ டிகாஷன் நிறத்துல போனா, ராத்திரியா இருந்தாலும் வந்துடுங்க."